இன்னும் ஒண்ணே ஒண்ணு



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். என் வாழ்க்கையில ரெண்டு பேர் பின்னாடி நான் ஊர் ஊரா போயிருக்கேன். ஒருத்தர் வேளிமலை குமாரசுவாமி. இன்னொண்ணு பெங்களூருல இருந்து வந்த ஒரு ராக் பேண்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதினா சில பேருக்குக் கோபம் வரும்னு தெரியும். எங்க அம்மாவுக்கே வந்தது. ஆனா போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, வட்டக்கோட்டையில மாமாகூட உக்காந்து பேசின பேச்சு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதை இங்க இறக்கி வெச்சுடறேன்.

மாமா நாதஸ்வரக்காரர். அவர்கிட்ட அப்புறம் வர்றேன்.

நம்ம மாவட்டத்துக்கு வெளிய இருக்கிறவங்களுக்காக, முருகன் டூர் போற கதையை முதல்ல சொல்லணும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துல இருந்து மூணு தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பும். சரஸ்வதி தேவி யானை மேல, சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நம்ம வேளிமலை முருகனும் பல்லக்குல. பத்மநாபபுரம் ஒரு காலத்துல திருவிதாங்கூருக்குத் தலைநகரம். தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறின பிறகும், அரண்மனை நவராத்திரிக்கு இந்தச் சாமிகள் போய்ட்டு வர்றது நிக்கல. முதல் ராத்திரி குழித்துறையில தங்கல். ரெண்டாவது ராத்திரி நெய்யாற்றின்கரை. மூணாவது நாள் திருவனந்தபுரம். வழியில களியக்காவிளையில கேரளா பக்கத்து வரவேற்பு, போலீஸ் மரியாதை எல்லாம் உண்டு. விஜயதசமிக்கு முருகன் பூஜப்புரை வரைக்கும் போயிட்டு வருவார். அதுக்கு அப்புறம் உடனே கிளம்ப மாட்டாங்க. ஒரு நாள் சும்மா இருப்பாங்க. அந்த நாளுக்கு ‘நல்லிருப்பு’ன்னே ஒரு பேரு. அது முடிஞ்சுதான் வந்த வழியே திரும்பறது.

சின்ன வயசுல, தக்கலை பக்கம் இருந்த ஆச்சி வீட்டுல இருந்து, ஆச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பல்லக்கு பின்னாடி நடந்திருக்கேன். வீட்டுக்கு வீடு வாசல்ல குத்துவிளக்கு ஏத்தி, தட்டுல பூவும் பழமும் வெச்சுக்கிட்டு நிப்பாங்க. “இவரு ஏன் ஆச்சி அங்க போறாரு?”ன்னு கேட்டேன். “அவருக்கு ஊரு சுத்தணும்னு ஆசை மக்களே”ன்னா ஆச்சி. அந்த பதில் இன்னைக்கும் எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்ப பேண்டு கதை. பர்வாஸ்னு ஒரு குழு. 2010-ல பெங்களூருல ஆரம்பிச்சது. காஷ்மீர்க்காரங்க ரெண்டு பேர், பெங்களூருல கிடைச்ச நண்பர்கள்னு சேர்ந்த கூட்டணி. பாட்டு உருதுலயும் காஷ்மீரியிலயும் இருக்கும். 2014-ல ‘பாரான்’, 2019-ல ‘குன்’ன்னு ஆல்பம் போட்டாங்க. காலேஜ் ஹாஸ்டல்ல ரூம்மேட் ஹெட்ஃபோனை என் காதுல மாட்டி விட்டான், அதோட முடிஞ்சது என் கதை. ஒரு வார்த்தை புரியல. சைக்கடெலிக் ராக்னு சொல்ற வகை இது. 1960கள்ல அமெரிக்காவிலயும் இங்கிலாந்துலயும் எல்.எஸ்.டி. போதையோட அனுபவத்தை இசையில பிடிக்கணும்னு கிளம்பின சங்கதி. பாட்டு மூணு நிமிஷத்துல முடியாது. கிட்டார் ஒரு சின்னத் துண்டைப் பிடிச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வரும், எதிரொலி மேல எதிரொலி ஏறும், எப்ப ஆரம்பிச்சது எப்ப முடியும்னு மறந்து போகும். (போதை இல்லாம அங்க என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு: எனக்கு அது தேவைப்படல. கூட்டத்துல அது இருக்குங்கிறதையும் மறைக்கல.)

வேலைக்குப் பெங்களூரு வந்ததும் நேர்ல பாக்க ஆரம்பிச்சேன். பெங்களூரு, சென்னை, ஹைதராபாத், கொச்சி. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், ஞாயித்துக்கிழமை ராத்திரி ரிட்டர்ன், திங்கக்கிழமை காலையில ஸ்டேண்ட்அப் கால்ல கேமரா ஆஃப். ஒரு வருஷத்துல ஆறு தடவை. அம்மா போன்ல கேட்டாங்க: “அதே ஆளுங்க, அதே பாட்டு. எதுக்குடா அஞ்சு தடவை ஆறு தடவை?” நான் கேட்டேன்: “நீங்க எதுக்கு மாசாமாசம் சஷ்டிக்குக் கோயிலுக்குப் போறீங்க?” போனை வெச்சுட்டாங்க. அந்த பதில்ல எனக்குப் பெருமை இருந்தது. இப்ப இல்ல.

இந்தப் பின்தொடர்ற பழக்கத்துக்கு உலகத்துல பெரிய உதாரணம் கிரேட்ஃபுல் டெட். 1965-ல கலிஃபோர்னியாவுல தொடங்கின பேண்டு. முப்பது வருஷத்துல சுமார் 2,300 கச்சேரி பண்ணினாங்க. நேத்து வாசிச்ச வரிசையில இன்னைக்கு வாசிக்க மாட்டாங்க. அதே பாட்டு ஒரு ராத்திரி ஏழு நிமிஷம், இன்னொரு ராத்திரி இருபது நிமிஷம். அதனால நேத்து கேட்டவன் இன்னைக்கும் வரணும். ஆயிரக்கணக்கான பேர் வேனையும் பஸ்ஸையும் எடுத்துக்கிட்டு ஊர் ஊரா பின்னாடி போனாங்க. ‘டெட்ஹெட்’ன்னு அவங்களுக்குப் பேரு. பார்க்கிங்ல டி-சர்ட்டும் சாப்பாடும் வித்து அடுத்த ஊர் டிக்கெட்டுக்குக் காசு சேர்ப்பாங்க. கச்சேரியை ரெக்கார்ட் பண்ண அனுமதி உண்டு, 1984-ல இருந்து அதுக்குன்னு தனி இடமே ஒதுக்கினாங்க. டேப்பை மாத்திக்கலாம், விக்கக் கூடாதுங்கிறது சட்டம். போதையை விட்டவங்க ஒரு குழுவா, மஞ்சள் பலூன் கட்டி, ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா அதே கூட்டத்துல நின்னதும் உண்டு. நம்ம பாதயாத்திரைக் கூட்டத்துல அன்னதானம் போடறவங்களையும், கால்ல மருந்து தடவி விடறவங்களையும் பாத்தவனுக்கு இது அந்நியமா தெரியாது.

நம்ம ஊர்லயும் இது புதுசு இல்ல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி எடுத்தார்னா ராத்திரி முழுக்கத் தெருவுல உக்காந்து கேட்ட தலைமுறை அது. மாமா அந்தப் பேரைச் சொல்றப்ப தோள் துண்டைச் சரி பண்ணிக்குவார்.

ஆனா அந்த அமெரிக்கக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கு. அந்த பேண்டோட முகம் ஜெர்ரி கார்சியா, கிட்டாரிஸ்ட். 1986-ல சர்க்கரை வியாதி முத்தி கோமாவுக்குப் போனார். எழுந்து, கிட்டாரையே மறுபடி பழக வேண்டியிருந்தது. அந்த வருஷம் டிசம்பர்லயே மேடைக்கு வந்துட்டார். அடுத்த வருஷம் வந்த ஒரு பாட்டு ஹிட்டாகி, கூட்டம் ஸ்டேடியம் அளவுக்குப் பெருகிடுச்சு. ஹெராயின் பழக்கம் விடறதும் ஒட்டறதுமா இருந்தது. 1992-ல மறுபடி உடம்பு விழுந்து டூரை ரத்து பண்ணினாங்க. அப்புறம் மறுபடி டூர். 1995 ஜூலை 2, இண்டியானாவுல டீர் க்ரீக்: டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியை உடைச்சுக்கிட்டு உள்ள வந்தது. மறுநாள் கச்சேரி ரத்து. டிக்கெட் இல்லாம வராதீங்கன்னு பேண்டே ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினாங்க. ஜூலை 9 சிகாகோ, அதுதான் அவரோட கடைசி மேடை. சரியா ஒரு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 9, போதை மறுவாழ்வு இல்லத்துல மாரடைப்பு. வயசு 53. அடுத்த வருஷம் ஏப்ரல்ல, அஸ்தியில ஒரு பங்கை ரிஷிகேஷ்ல கங்கையில கரைச்சாங்க.

அந்தக் கடைசி டூர் ரெக்கார்டிங் சிலது கேட்டேன். குரல் தளர்ந்து, வரிகள் மறந்து போய் பாடறார். கூட்டம் கத்துது. அன்புலதான் கத்துது. அந்த அன்புதான் எனக்குப் பயமா இருந்தது, ஏன்னா அந்தக் கத்தல் எனக்குத் தெரியும்.

மூணு வருஷம் முன்னாடி, எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு அம்மன் கோயில் கொடை. மாமா செட்டுதான் மேளம். சாயந்திரம் ஆரம்பிச்சது, சாமக்கொடை முடிஞ்சு ராத்திரி ரெண்டு மணி தாண்டிடுச்சு. அந்த வாரத்துல அது அவருக்கு மூணாவது கொடை. மாமா நாதஸ்வரத்தை மடியில வெச்சு, சீவாளியைக் கழட்டப் போனார். நான் முன் வரிசையில, புது போனோட. அதுவரைக்கும் எடுத்த வீடியோ எதுவும் சரியா வரல. “மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்தக் காவடிச்சிந்து.” பின்னாடி இருந்தவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க, “ஆமா அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு.” மாமா என்னைப் பாத்தார். துண்டால வாயை ஒத்தினார். வாசிச்சார். பதினோரு நிமிஷம். என் வாழ்க்கையில அப்படி ஒரு காவடிச்சிந்து கேட்டதில்ல. நின்னுக்கிட்டே அழுதேன், அழுதுக்கிட்டே போனை ஆடாம பிடிச்சேன். அந்த வீடியோவை 40,000 பேர் பாத்தாங்க. கமெண்ட்ல பாதி ‘அரோகரா’.

மறுநாள் காலையில போனேன், அத்தைகிட்ட வீடியோவைக் காட்டலாம்னு. அத்தை துண்டு துவைச்சுக்கிட்டு இருந்தாங்க. அதுல ரத்தம். உதடு முந்தின நாளே வெடிச்சிருந்ததாம். மாமா உள்ள உக்காந்து, ஆறின கஞ்சியை ஒரு பக்கமா சாய்ச்சுக் குடிச்சிட்டு இருந்தார். “ராத்திரி நல்லா இருந்துச்சுலா?”ன்னு கேட்டார். அன்னைக்குச் சாயந்திரம் அவருக்கு வேற ஊர்ல கொடை.

நான் வீடியோவைக் காட்டல. டெலீட்டும் பண்ணல. இன்னும் இருக்கு.

பெங்களூருல ஒரு நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். “காசு வாங்கறாங்கள்ல, ப்ரோ. அவங்க வேலை அது”ன்னான். வேலைதான். பேசின நேரத்துக்குக் காசு, அதுல தகராறு இல்ல. ஆனா ‘இன்னும் ஒண்ணு’ங்கிறது காசுக்குள்ள வர்றது இல்ல. அது பேச்சுக்கு வெளிய, அன்பைக் காட்டிக் கேக்கற கடன். முடியாதுன்னு சொன்னா அவர் தலைக்கனம் பிடிச்சவர். சரின்னு சொன்னா உடம்புல இருந்து குடுக்கணும். எங்க வேலையில இதை வேற மாதிரி பாப்போம். சர்வர் விழுந்த அன்னைக்கு லாகை எடுத்துப் பாத்தா, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் நியாயமானது. எவனும் தப்பு பண்ணல. எல்லாரும் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். கார்சியா முன்னாடி கத்தின ஒவ்வொருத்தனும் அப்படித்தான் நினைச்சிருப்பான். நான் ஒருத்தன் வராம இருந்தா மட்டும் டூர் நிக்கவா போகுதுன்னு. அது உண்மையும் கூட. அதனால அவன் பங்கு பூஜ்ஜியம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டுத்தான் போன மாசம் மாமாவைக் கூட்டிட்டு வட்டக்கோட்டைக்குப் போனேன். அவருக்கு அந்த மதில் மேல உக்காரப் பிடிக்கும். பேருதான் வட்டக்கோட்டை, கோட்டை நீள்சதுரம். ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க. 1741-ல குளச்சல் போர்ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்துப் பிடிபட்ட டிலனாய், அப்புறம் அதே ராஜாவோட படையில சேர்ந்து, பலப்படுத்தின கோட்டைகள்ல இதுவும் ஒண்ணு. தோத்தவர் ஜெயிச்சவர் பின்னாடியே இருந்து, 1777-ல இங்கயே செத்து, உதயகிரிக் கோட்டையில அடங்கியிருக்கார். அதுவும் ஒரு பின்தொடர்றதுதான், ஆனா அதை இன்னொரு நாள் பாக்கலாம். மேல ஏறினா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலையோட வால், இடையில வரிசையா காத்தாடி. காத்து பேச விடாது, சத்தமாதான் பேசணும்.

கார்சியா கதையைச் சொன்னேன். மாமா முழுசா கேட்டார். “சக்கரை இருந்துச்சோ அவனுக்கு”ன்னு மட்டும் கேட்டார். மாமாவுக்கும் இருக்கு.

“மாமா, அன்னைக்கு நான் கேட்டிருக்கக் கூடாது.”

“எதை?”

“காவடிச்சிந்து. உங்க உதடு வெடிச்சிருந்தது எனக்குத் தெரியாது.”

கொஞ்ச நேரம் கடலைப் பாத்தார். “நீ கேக்காம இருந்தா வீட்டுக்குப் போயி ஒறக்கம் வந்திருக்காது மக்களே.”

நான் இதை எதிர்பாக்கல. மன்னிப்பு சொல்வார், இல்ல திட்டுவார்னு நினைச்சேன்.

“ஒடம்பு போதும்னு சொல்லும். மனசு, எவனாம் ஒருத்தன் கேக்க மாட்டானான்னு கூட்டத்தைப் பாத்துட்டே இருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும், கேட்டியா. கேக்க ஆளில்லாத கொடையும் நான் வாசிச்சிருக்கேன். மைக்செட்டுல சினிமாப் பாட்டு போட்டுட்டு, சாமிக்குப் பேருக்கு மேளம். அதுல ஒதடு வெடிக்காது. ஆனா அன்னைக்குத்தான் வலிக்கும்.”

“அப்ப கேக்கலாம்னு சொல்றீங்களா?”

“எனக்க ஒதட்டை நீ பாக்கல. அது ஒனக்க வேலையும் இல்ல, நீ பாட்டு கேக்க வந்தவன். ஆனா எவனாம் ஒருத்தன் பாக்கணும்லா. முன்னால தவில்கார அண்ணாச்சி ஒருத்தர் கூட இருந்தாரு. நான் கண்ணை மூடிட்டு வாசிச்சிட்டே போவேன். அவரு என் மூச்சைக் கேப்பாரு. மூச்சு கொறஞ்சா தீர்மானம் வெச்சிருவாரு. தவிலு முடிச்ச பொறவு நான் என்ன வாசிக்க? எத்தன தடவை அவருகிட்ட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா. அவரு போன பொறவு முடிச்சு வைக்க ஆளில்ல. இப்ப உள்ள பயலுவ நல்லா அடிக்கானுவ. ஆனா என்னைய பாத்து பயம்.”

காவலாளி விசில் அடிச்சார். கோட்டையைப் பூட்டற நேரம். மாமா எழுந்திருக்கல, இன்னொரு விசில் வரட்டும்னு உக்காந்திருந்தார்.

அவர் சொன்னதுல இருந்து எனக்குக் கோயில்தான் ஞாபகம் வந்தது. நம்ம முருகனுக்குக் களைப்பு கிடையாதுன்னு நாம நம்பறோம். ஆனாலும் பெரும்பாலான கோயில்ல மத்தியானம் நடை சாத்தறோம். ராத்திரி பால் நைவேத்தியம் பண்ணி, பள்ளியறைக்கு அனுப்பி, தாலாட்டாத குறையா தூங்க வைக்கறோம். வேளிமலையில இருந்து கிளம்பினவருக்கு குழித்துறையில ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில ஒரு ராத்திரி, திரும்பறதுக்கு முன்னாடி நல்லிருப்பு. களைக்காதவருக்கு இவ்வளவு ஓய்வு. களைக்கிற மனுஷனை நிக்க வெச்சு ‘இன்னும் ஒண்ணு’ங்கறோம்.

இதுல நான் கவனிக்காம விட்டது ஒண்ணு உண்டு. நடை சாத்தற நேரத்தைச் சாமி முடிவு பண்றது இல்ல, பக்தனும் முடிவு பண்றது இல்ல. ஒரு தடவை அஞ்சுகிராமம் பக்கத்துல இருந்து, கூடங்குளம், உவரி வழியா திருச்செந்தூருக்கு நடந்து போனோம், சுமார் 80 கிலோமீட்டர். ராத்திரி நடை சாத்தின பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். கால் ரெண்டும் கொப்புளம். எனக்கு அப்படி ஒரு எரிச்சல். இவ்வளவு தூரம் நடந்து வந்தவனுக்கு ஒரு நிமிஷம் திறக்கக் கூடாதான்னு. கூட வந்த ஒரு தாத்தா கடற்கரை மணல்ல துண்டை விரிச்சுப் படுத்துட்டார். “அவரு தூங்கட்டும்யா, நாமளும் தூங்குவோம்”ன்னார். அவருக்கு அது இழப்பாவே தெரியல.

கார்சியாவுக்கு முடிச்சு வைக்க ஆளே இல்லைன்னும் சொல்ல முடியாது. கூட இருந்தவங்க சிகிச்சைக்குப் போகச் சொல்லி வற்புறுத்தியிருக்காங்க. டூரை ரத்தும் பண்ணியிருக்காங்க. ஆனா பேண்டை நம்பி நிறைய பேர் சம்பளம் வாங்கினாங்க, டூர் நின்னா எல்லாம் நிக்கும். அவரும் வாசிக்காம இருக்க முடியாத ஆள். மாமா மாதிரி. அப்ப தவில் யார் கையில இருந்தது? எனக்குத் தெரியல. ரசிகன் கையில இருந்திருக்க முடியுமா? டீர் க்ரீக்ல வேலி உடையறப்ப, டிக்கெட்டோட உள்ள இருந்த ரசிகர்கள்ல பலர் கைதட்டி உற்சாகப்படுத்தினாங்கன்னு படிச்சேன். நான் அங்க இருந்திருந்தா தட்டியிருப்பேனான்னு யோசிச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்குப் போனை ஆடாம பிடிச்ச கை இது. தட்டியிருக்கும்.

அம்மாகிட்ட அன்னைக்குச் சொன்ன பதில் எங்க தப்புன்னு இப்பத்தான் பிடிபடுது. அம்மா சஷ்டிக்குப் போறதும் நான் ஷோவுக்குப் போறதும் ஒண்ணுதான்னு சொன்னேன். போறதுல ஒண்ணுதான், இப்பவும் அதை விட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா அம்மா போற இடத்துல கதவு இருக்கு, அதைச் சாத்த ஒருத்தர் இருக்கார், சாத்தினா அம்மா வெளிய நின்னு கும்பிட்டுட்டு வீட்டுக்கு வருவாங்க. நான் போற இடத்துல லைட்டை அணைச்ச பிறகும் கத்தினேன்.

ரெண்டாவது விசில் வந்ததும் இறங்கினோம். படியில மாமா என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். தை மாசம் ஒரு கொடை ஒத்துக்கிட்டிருக்காராம், வெள்ளிக்கிழமை.

“வருவியா?”

“வர்றேன் மாமா.”

“முன்னால உக்காரு. போனை வீட்டுல வெச்சிட்டு வா.”

“எப்ப முடிக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தாளமே வராது.”

“அது எனக்குத் தெரியும்லா, ஒனக்கு சின்னப் புள்ளையிலயே சொல்லிப் பாத்தேன்.” சிரிச்சார். “தண்ணி சொம்பை ஒனக்க கையில வெச்சுக்கோ. போதும்னு தோணிச்சுன்னா எந்திரிச்சு வந்து குடு. தண்ணி குடிச்சா சீவாளியைக் கழட்டிருவேன்.”

அதே வெள்ளிக்கிழமை பெங்களூருல ஒரு ஷோவுக்கு ஏற்கனவே டிக்கெட் எடுத்திருந்தேன். அதை ரூம்மேட்டுக்குக் குடுத்துட்டேன். நாகர்கோவிலுக்கு ட்ரெயின்ல வெயிட்டிங் லிஸ்ட் 14-ல நிக்குது. இல்லைன்னா பஸ்ஸுதான்.

வேலும் மயிலும் துணை.